சாம்பிள் மேஜையில் ஒரு நீல விண்வெளிக்காரன்

உள்ளறையிலிருந்து சடசடவென்று ஒரு சத்தம் வந்தது. ஒரு கூடைக் கூழாங்கல்லைச் சிமெண்டுத் தரையில் கொட்டியது போல. கடைசியாக ஒன்று மட்டும் தனியே உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

முன்னறையில் அழுதுகொண்டிருந்த ஜஹீருன்னிசா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர் அது?"

"வேற இன்னா? ராக்கெட்டு கீழ விழுந்திருக்கும்," என்றாள் ரோஸ். "நாலு மாசமா கட்டிக்கினு இருக்காரு. அது கெடக்கட்டும். நீ சொல்லும்மா. ஆபீஸ்ல யாரு உன்ன வர வாணாம்னு சொன்னது?"

"மேனேஜரு ராமலிங்கம் சார்தான். திங்கக்கிழமையிலருந்து நின்னுக்கோன்னுட்டாரு. மொதலாளிகிட்டயும் சொல்லிட்டாராம்." முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீட்ல இன்னும் சொல்லல டீச்சர். ஆபீஸ் வேலைக்குப் போறேன்னதுக்கு மாமு ஒரு வருஷம் பேசாம இருந்தாரு. ஒரே ஒரு புகார் வந்தாக்கூட அன்னிக்கோட வாசப்படி தாண்டக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பினாரு. இனிமே என் ஆயுசுக்கும் அந்த வாசப்படி அவ்வளவுதான்."

ரோஸ் ஆம்பூர் மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். பதினைந்து வருஷத்துக்கு முன் இதே ஜஹீருன்னிசாவுக்குக் கையெழுத்து திருத்தியவள். அந்த அழகான கையெழுத்தால்தான் தோல் பதனிடும் ஷாப்பு ஆபீசில் அவளுக்கு வேலை கிடைத்தது. இப்போது வேலை போவதும் அந்தக் கையெழுத்தால்தான்.

"எந்தெந்த கலர்ல தோல் வேணும்னு நீ எழுதின ஷேடு கார்டுல இன்னா தப்பு?"

"தோல் வாங்க வந்த ஜெர்மன் பையரு வெர்னர் நாலு ஷேடுதான் குடுத்தாராம். நான் அஞ்சுன்னு எழுதிட்டேனாம். அஞ்சாவதா மேஜை மேல ஒரு நீல பொம்மை இருந்துச்சு டீச்சர். அதையும் எழுதினேன். அது ஷேடே இல்லையாம், அவரு பொண்ணோட பொம்மையாம், மறந்து வெச்சிட்டுப் போயிட்டாராம். நேத்து மத்தியானம் அவருகிட்டருந்து டெலக்ஸ் வந்துச்சு. அதுக்குள்ள ஆயிரத்து எண்ணூறு அடி தோல் நீலமா ஆயிடுச்சு. மாஸ்டர் நேத்து லீவு, அவருக்கு இன்னும் தெரியாது. அவரும் அது சாம்பிள்னுதான நினைச்சாரு? அந்த ஒரு வார்த்தைய மொதலாளிகிட்ட சொன்னார்னா போதும்."

உள்ளறையில் ரோஸின் கணவர் மாஸ்டர் தேவானந்தம் இரண்டு கைகளையும் நீட்டியபடியே நின்றிருந்தார். முன்னறைப் பேச்சு காதில் விழுந்ததும் நழுவவிட்ட பொம்மை விண்கப்பல் சிதறிய பிறகும் அந்தக் கைகள் கீழே இறங்கவில்லை. காலடியில் சாம்பல் நிற ப்ளாஸ்டிக் கட்டைகளும் தோல் அட்டையில் வெட்டிய இறக்கைகளும் சிதறிக் கிடந்தன. அவற்றின் நடுவே மல்லாந்து, சிரித்த முகம் மாறாமல், அந்த நீல விண்வெளிக்காரன் கிடந்தான்.

அது சாம்பிள் அல்ல என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்ட ஒரே மனிதர், அந்த ஷாப்பிலேயே, அவர்தான்.

தேவானந்தத்துக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. பதினேழு வயதில் சுண்ணாம்புத் தொட்டியில் தோலை இழுத்துப் போடுகிற வேலைக்குச் சேர்ந்தவர். முழங்கைவரை வெந்துபோன அந்த நாட்களிலேயே அவர் கண்ணைப் பற்றி ஷாப்பில் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஃபினிஷிங் செக்‌ஷனின் வடக்கு ஜன்னலோரம் ஒரு தோலைத் தூக்கிப் பிடித்து, "இதுல அரைச் சொட்டு சிவப்பு ஜாஸ்தி" என்பார். அரைச் சொட்டு குறைத்துச் சாயம் கலக்கினால் பையர் கொடுத்த துண்டும் இவர் அடித்த தோலும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். முப்பத்தைந்து வயதில் ஷேடு மாஸ்டர் ஆகிவிட்டார்.

பொம்மை அவர் வாழ்க்கையில் வந்தது 1979-இல். ஸ்பிரே மெஷின் பூட்டுவதற்காக ஜெர்மனியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து, குடும்பத்தோடு ஏலகிரியில் மூன்று மாதம் தங்கியிருந்தார். அவர் மகனுடைய செருப்பு வார் அறுந்துபோனபோது தேவானந்தம் அதே நிறத்தில் ஒரு வார் செய்து கொடுத்தார். ஊருக்குத் திரும்புகிற அன்று அந்தப் பையன் ஒரு பிஸ்கட் டப்பாவை அவர் கையில் திணித்தான். உள்ளே ப்ளாஸ்டிக் கட்டைகள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். கூடவே சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இரண்டு விண்வெளிக்காரர்கள், ஒருவன் சிவப்பு, ஒருவன் வெள்ளை. நெஞ்சில் தங்க நிறத்தில் ஒரு கிரகம்.

மகள் பிரிசில்லாவுக்கு என்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவள் பத்தே நாளில் சலித்துப்போய்ப் பாண்டி ஆடப் போய்விட்டாள். அப்பாவுக்குத்தான் சலிக்கவில்லை. டப்பாவோடு வந்த படத்தைப் பார்த்து முதல் கப்பலைக் கட்டினார். பிறகு படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்குக் கட்டினார். கட்டை போதாத இடத்தில், ஷாப்பில் குப்பைக்குப் போகிற அடித்தோல் துண்டை வெட்டி இறக்கை செய்தார். அதற்குக் கட்டையின் சாம்பல் நிறத்தையே அடித்தார். தள்ளி நின்று பார்த்தால் எது ப்ளாஸ்டிக், எது தோல் என்று கண்டுபிடிக்க முடியாது.

அதற்குப் பிறகு தேடல் ஆரம்பித்தது. ரோஸின் தங்கை டோரதி வேலூரில் நர்ஸ். வெளிநாட்டு டாக்டர் குடும்பம் ஏதாவது ஊர் திரும்பினால், வீட்டுச் சாமான்களைத் தோட்டத்தில் பரப்பி விற்பார்கள். அன்று டோரதியிடமிருந்து சேதி வரும். இவர் முதல் பஸ்ஸில் போய் நிற்பார். பெண்கள் பிரஷர் குக்கருக்கும் கம்பளிக்கும் முண்டியடிக்கும்போது, இவர் மட்டும் பொம்மைக் கூடையில் தலையைவிட்டுத் தேடுவார். மஞ்சள் விண்வெளிக்காரன் அப்படிக் கிடைத்தவன். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில், அது எரிந்துபோவதற்கு முன்னால், தலை இல்லாத ஒரு போர்வீரன் கிடைத்தான். அவனுக்குத் தலை இன்றுவரை கிடைக்கவில்லை.

தெருவில் சிரித்தார்கள். "மீசை நரைக்கப்போற ஆளு, கட்டை அடுக்கறாரு பாரு" என்று குழாயடியில் பேசினார்கள். இந்தியர் ஒருவர் விண்வெளிக்குப் போய்வந்த வருஷம் மட்டும் ஒரு வாரம் சிரிப்பு நின்றது. பிறகு மறுபடியும் தொடங்கியது. ரோஸுக்கு வெட்கம்தான். ஆனாலும் மஞ்சள்காரனுக்கு, சர்ச் கமிட்டியில் எதற்கெடுத்தாலும் எழுந்து நிற்கிற பாதிரியார் ஜேக்கப் ஐயரின் பெயரை வைத்தது அவள்தான்.

நீல நிறத்தில் ஒருவன் இருப்பதாக ஒரு ஜெர்மன் பத்திரிகைப் படத்தில் பார்த்ததிலிருந்து தேவானந்தத்துக்கு அவன் நினைப்பாகவே இருந்தது. அப்படியிருக்கும்போதுதான் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வெர்னர் வந்து போனார்.

அந்த ஷாப்பில் சாம்பிள் மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருமுறை ஒரு பையர், மத்தியானச் சாப்பாட்டுப் பப்பாளியிலிருந்து ஒரு விதையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பெருக்குகிறவள் அதைத் தள்ளிவிட்டாள். அவர் கேட்ட கறுப்பு அந்த விதையின் கறுப்புதான்! ஆர்டர் வாணியம்பாடியில் வேறொரு ஷாப்புக்குப் போய்விட்டது. அன்றைக்கு முதலாளி நசீர் அகமது போட்ட உத்தரவு இது. பையர் எழுந்து போன பிறகு மேஜையில் இருப்பது தூசியானாலும் சரி, நம்பர் போட்டு ஷேடு கார்டில் ஏற்ற வேண்டும். சிகரெட் அட்டையின் மூலை, காய்ந்த இலை, கோட்டுப் பட்டன் எல்லாம் அப்படி ஷேடு ஆகியிருக்கின்றன. அதனால், நான்கு தோல் துண்டுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நீல விண்வெளிக்காரனுக்கு ஜஹீருன்னிசா ஐந்தாம் நம்பர் போட்டாள். அவள் உத்தரவைத்தான் பின்பற்றினாள்.

கார்டும் பொம்மையும் ஷேடு மாஸ்டரின் கைக்கு வந்தன. தேவானந்தம் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, இது குழந்தைங்க பொம்மை, பையர் மறந்துட்டுப் போயிருப்பார்" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாயும் திறந்தார். ஆனால் ஷேடு முடிகிறவரை, சாம்பிள் ஷேடு மாஸ்டரின் கையில்தான் இருக்கும். மூன்று வாரம்! மூன்றே வாரம் இவன் என்னிடம் இருக்கட்டும் என்று அந்த நல்ல மனிதரின் மனசு கெஞ்சியது. வாயை மூடிக்கொண்டார்.

அந்த நீலத்தை அடித்தது போல அவர் எந்த நிறத்தையும் அடித்ததில்லை. மாலையில் பொம்மையைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார், காலையில் திருப்பி எடுத்துப் போவார். சாம்பிளை ஷாப்பு கேட்டைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்பதும் சட்டம்தான். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, ஹாஸ்டலில் இருக்கிற மகளைப் பார்க்கப் போனதால் பொம்மை வீட்டிலேயே தங்கிவிட்டது. அந்த சனிக்கிழமைதான் டெலக்ஸ் வந்திருக்கிறது.

அவர் குனிந்து நீலக்காரனை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார்.

"மாஸ்டர்..." என்று எழுந்தாள் ஜஹீருன்னிசா.

"உக்காரும்மா." அவர் அவளைப் பார்க்கவில்லை, ரோஸைப் பார்த்தார். "அது சாம்பிள் இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் ரோஸ்."

ரோஸுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"பொய் சொன்னீங்களா?"

"சொல்லல. சொல்லாம இருந்தேன்."

"ரெண்டும் இன்னா வேறயா? சுவிசேஷம் படிச்ச வாய்தானே அது? இந்தப் பொண்ணு அரை மணி நேரமா அழுதுக்கினு இருக்கா. ஒரு பொம்மைக்கோசரம்!"

ஜஹீருன்னிசா குறுக்கே பேசினாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. அதுதான் தேவானந்தத்தைக் கொன்றது.

"நீங்க போய்ச் சொன்னா உங்க வேலை போயிடும் மாஸ்டர். சாமான் வெளிய கொண்டாந்தா திருட்டுன்னுதான் சொல்வாங்க."

"தெரியும்மா. நான் வர்ற வரைக்கும் இங்கயே இரு. டீ போட்டுக் குடு ரோஸ்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அரை மைல் தூரம் அவர் எப்படி மிதித்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. இருபத்தேழு வருஷத்து வேலை. சர்ச்சில் காணிக்கைப் பை தூக்குகிற பெயர். ரோஸ் நாளை பள்ளிக்கூடத்தில் நிமிர்ந்து நடக்க முடியுமா? திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை தோன்றியது. இரண்டு முறையும் அந்தப் பெண்ணின் முகம் கண்ணில் வந்து நின்றது.

நசீர் அகமது வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தேவானந்தம் நின்றபடியே, ஒன்றையும் விடாமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பொம்மையை மேஜைமேல் வைத்தார்.

முதலாளி வெற்றிலையை மென்று முடித்தார். "இது ஒண்ணுதானா?" என்றார் கடைசியில்.

"மொதலாளி?"

"வீட்ல நிறைய வெச்சிருக்கியாமே. ஊரே சொல்லுது. அதெல்லாம் எந்தப் பையரு பொட்டியிலருந்து வந்துச்சு?"

அது தேவானந்தம் பயந்ததைவிடப் பெரிய அடி.

"வந்து பாருங்க மொதலாளி," என்றார். "ஒண்ணாவது திருட்டுன்னு தெரிஞ்சா போலீஸ்ல குடுத்துடுங்க."

"வர்றேன். ஏறு வண்டில."

வாசலில் அம்பாசடர் வந்து நின்றதும் இரண்டு பெண்களும் எழுந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டார்கள். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளறைக்குப் போனார். கண்ணாடி அலமாரியின் முன்னால் நின்றார். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், தலையில்லாத வீரன், இன்னும் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவன் காலிலும் ஷாப்பில் சாம்பிளுக்குக் கட்டுகிற அதே சின்ன அட்டைச் சீட்டு நூலில் கட்டித் தொங்கியது. முதலாளி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றைத் திருப்பிப் படித்தார். எங்கே, எந்தத் தேதியில், யாரிடமிருந்து என்று எழுதி, கொடுத்தவர் கையெழுத்தும் வாங்கியிருந்தது. டெக்னீஷியனின் பையன் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதியிருந்தான். மூர் மார்க்கெட் கிழவரின் பெருவிரல் ரேகைகூட ஒரு சீட்டில் இருந்தது.

"அரே! பொம்மை குடுத்தவன்கிட்ட கைநாட்டு வாங்கிக்கினியா?"

"ஷாப்பு பழக்கம் மொதலாளி. சீட்டு இல்லாம எதையும் வெக்க வராது."

முதலாளி எல்லாச் சீட்டையும் பார்த்தார். அவசரப்படவில்லை. வாசற்படியில் நின்ற ரோஸ் மனசுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அவர் தன் ஜிப்பாப் பையிலிருந்து நீலக்காரனை எடுத்து, காலைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குச் சீட்டு எங்க?"

தேவானந்தத்தின் கண்கள் நிறைந்துவிட்டன.

"எழுதல மொதலாளி. நாலு தடவ சீட்டு எடுத்தேன். யாரு குடுத்தாங்கன்னு எழுதணுமே... கை வரல."

நசீர் அகமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நீலத்த கறுப்பாக்க எத்தினி நாள் ஆவும்?" என்றார்.

"ரெண்டு நாள் மொதலாளி!" தேவானந்தத்துக்குச் சட்டென்று மாஸ்டர் குரல் வந்துவிட்டது. "நீலத்து மேல கறுப்பு அடிச்சா சும்மா எப்பவும் வர்றத விட ஆழமா வரும். ஆர்டர்ல கறுப்பு இருக்கு. ஒரு அடிகூட வீணாகாது."

"இத நேத்தே அந்த ராமலிங்கம் யோசிச்சிருக்கணும். பெருசா பேஜார் பண்ணிட்டான்." அவர் திரும்பி முன்னறையைப் பார்த்தார். "ஏ பேட்டி, இங்க வா மகளே. வீட்ல சொல்லிட்டியா?"

ஜஹீருன்னிசா இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப சொல்லாதே. சொல்றதுக்கு ஒண்ணும் நடக்கல. நாளைக்கு வந்து அந்தக் கார்டுல அஞ்சாவது வரிய அடிச்சிடு. இப்ப வீட்டுக்குப் போ, உன் மாமு தேடப்போறாரு."

அவள் "ஷுக்ரியா சாஹப்" என்று சொல்ல நினைத்தாள். அழுகைதான் வந்தது. ரோஸ் அவளைத் தோளோடு அணைத்து, முகத்தைக் கழுவ வைத்து, பின்கட்டு வழியாகத் தெருவில் விட்டுவிட்டு வந்தாள். கொஞ்ச தூரம் அடக்கமாக நடந்த ஜஹீருன்னிசா, முனை திரும்பியதும் ஓடியே போய்விட்டாளாம். எதிர்வீட்டு ராஜம்மாள் பிறகு சொன்னது.

உள்ளே முதலாளி தரையில் கிடந்த ஒரு இறக்கையைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் தடவினார். நகத்தால் ஓரத்தைக் கீறினார்.

"இது தோலு!"

"குப்பைக்குப் போற துண்டு மொதலாளி. கேட்ல செக்யூரிட்டிகிட்ட கேட்டுட்டுத்தான் எடுப்பேன்."

"அதக் கேக்கல. ப்ளாஸ்டிக்குனு நினைச்சேன்யா. முப்பது வருஷமா தோல் யாவாரம், என் கண்ணையே ஏமாத்திட்டே." கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். "இது பறக்குமா?"

"பறக்காது மொதலாளி. ஆனா நல்லா எறங்கும். அடியில மூணு காலு இருக்கு."

முதலாளி சிரித்துவிட்டார். வெற்றிலைச் சிவப்போடு, தோள் குலுங்க. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் ரோஸுக்குக் கால் தரையில் பாவியது. ஓடிப்போய் டீ கொண்டுவந்தாள். முதலாளி மர ஸ்டூலில் உட்கார்ந்து டீயைக் குடித்தார்.

"கேளு தேவானந்தம். வெர்னருக்கு லெட்டர் நீதான் எழுதணும். மறைச்சேன்னு எழுது. நான் கையெழுத்துப் போட மாட்டேன், நீ போடு. டீச்சர் இங்கிலீஷ் திருத்திக் குடுக்கட்டும்."

"எழுதறேன் மொதலாளி."

"இன்னொண்ணு. இனிமே பையர் வந்தா நீயும் டேபிள்ல உக்காரு. அவன் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா தொட்டு, இது ஷேடா, இல்ல உன் சாமானான்னு கேளு. பப்பாளி விதையிலருந்து பட்ட கஷ்டம் போதும் எனக்கு."

ஷாப்பில் வேலை செய்கிறவர் எவரையும் பையரோடு மேஜையில் உட்கார வைத்ததில்லை. அது தண்டனையா, மரியாதையா என்று தேவானந்தத்துக்கு அப்போது விளங்கவில்லை. கையைக் கூப்பினார். கூப்பிய கையைப் பிரிக்கத் தெரியாமல் நின்றார். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"அழாதேய்யா. டீச்சர் பாக்கறாங்க."

நீலக்காரனைத் தேவானந்தமே தன் கைக்குட்டையில் சுற்றி, மேலே ஒரு முடிச்சுப் போட்டு முதலாளியிடம் கொடுத்தார். மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் ஒன்று அந்த முடிச்சோடு வெளியே போவது போலிருந்தது.

"போஸ்ட்ல அனுப்பினா ஒடைஞ்சிடுமா?"

"ஒடையாது மொதலாளி. பஞ்சு வெச்சு அனுப்புங்க. அந்தக் கொழந்தை காத்துக்கினு இருக்கும்."

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. குழாயடியில் நின்றவர்கள், அம்பாசடரைப் பார்த்துக் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டார். படி இறங்கியவர் திரும்பினார்.

"நாளைக்கு எட்டு மணி. ஒரு நிமிஷம் லேட் ஆனாலும் ஆப்சென்ட்தான். ஞாபகம் வெச்சுக்கோ."

"ஏழரைக்கே வர்றேன் மொதலாளி."

"உன் சைக்கிள் எங்க வீட்ல இருக்கு. நடந்து வந்து எடுத்துக்கோ."

வண்டி முனை திரும்பியது. ரோஸ் கணவரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.